1799 ஒரு சென்ட்: முதலில் பின்பக்கத்தைக் காட்டுங்கள்

வாசகர் கேள்வி
2025 அக்டோபர் 11

பெரியப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். போன துறைமுகங்களிலெல்லாம் கிடைத்த சில்லறையை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அவர் காலமான பிறகு டப்பா என்னிடம் வந்தது. அதில் பெரிய செப்புக்காசு ஒன்று இருக்கிறது. பெண் தலை, மேலே லிபர்ட்டி (சுதந்திரம்) என்ற எழுத்து, கீழே 1799. அமெரிக்க ஒரு சென்ட் என்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் ஆயிரக்கணக்கான டாலர் விலை சொல்கிறார்கள். சென்னையில் ஒரு நாணய வியாபாரியிடம் படம் அனுப்பினேன். அறுபதாயிரம் ரூபாய் தருகிறேன், நாளைக்கே எடுத்து வாருங்கள் என்கிறார். கொடுத்துவிடலாமா? நீங்கள் இந்த வகைக் காசுகளைச் சேர்ப்பவர் என்று பழைய இழை ஒன்றில் படித்தேன். படம் இணைத்திருக்கிறேன்.

அக்டோபர் 11, இரவு

கொடுக்காதீர்கள். நாளைக்கே வா என்று அவசரப்படுத்துகிறவரிடம் பழைய பாத்திரத்தைக்கூட விற்கக் கூடாது.

படத்தில் தலைப்பக்கம் மட்டும் இருக்கிறது. பின்பக்கப் படம் வேண்டும். எடை வேண்டும். விளிம்பு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதுவரை இது 1799 என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

அக்டோபர் 12

நேற்று சுருக்கமாக எழுதியதற்கு இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். “ஆண்டுதான் தெளிவாகத் தெரிகிறதே, பின்பக்கம் எதற்கு?” என்று ஒருவர் கேட்கிறார். எதற்கென்று சொல்கிறேன்.

பிலடெல்பியாவில் அந்தக் காலத்து நாணயச்சாலையில் அச்சுகளைக் கையால் செதுக்கினார்கள். தலை ஒரு முத்திரை, எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முத்திரை, இலை ஒரு முத்திரை. சுத்தியலால் அடித்து அடித்து எஃகில் இறக்குவார்கள். அதனால் ஓர் அச்சைப்போல் இன்னோர் அச்சு இருக்காது. ஓர் எழுத்து சாய்ந்திருக்கும், ஒரு காய் இலையை விட்டுத் தள்ளி நிற்கும், 1/100 என்ற பின்னத்தின் கோடு நீண்டோ குட்டையாகவோ இருக்கும். முன் அச்சும் பின் அச்சும் சேர்ந்த ஒவ்வொரு ஜோடிக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள். 1793 முதல் 1814 வரையிலான சென்ட்டுகளுக்கு வில்லியம் ஷெல்டன் கொடுத்த எண்கள். 1816 முதல் 1857 வரை ஹோவர்ட் நியூகோம் கொடுத்தவை.

1799 என்ற ஆண்டுக்கு இரண்டே வகைகள்தான், ஷெல்டன் 188, ஷெல்டன் 189. முதலாவதில் அச்சிலேயே 8-இன் மேல் 9 அடிக்கப்பட்டிருக்கும். 1798-க்கோ நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகள். 1798 மலிவாகக் கிடைக்கும், 1799 கிடைக்காது. பிறகென்ன, கூர்மையான உளியும் நிதானமான கையும் உள்ளவன் 8-ஐ 9 ஆக்கிவிடுவான். ஆனால் மறுபக்கத்து மலர்வளையத்தை அவனால் மாற்ற முடியாது. இலை நுனி எந்த எழுத்துக்கு நேராக நிற்கிறது, காய்கள் இடப்பக்கம் எத்தனை வலப்பக்கம் எத்தனை என்று பார்த்தால் அது எந்த அச்சின் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. அந்த ஆண்டு நாணயச்சாலைக் கணக்கு 9,04,585 சென்ட் என்கிறது. அவ்வளவும் 1799 என்று பொறித்தவையாக இருந்தால் இது அரிய காசாகவே இருந்திருக்காது. எஃகு விலை உயர்ந்தது, நல்ல அச்சு செய்வது கடினம், எனவே பழைய அச்சு தேயும் வரை அடிப்பதே அங்கே வழக்கம். அந்தக் கணக்கில் பெரும்பகுதி 1798 என்ற ஆண்டையே தாங்கி வந்திருக்க வேண்டும்.

உண்மையான 1799 பெரும்பாலும் பார்க்கச் சகிக்காது. கறுத்து, சொரசொரத்து, அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி இருக்கும். அந்த ஆண்டில் அவர்களுக்கு வாய்த்த செம்பு அப்படி. உங்கள் படத்தில் உள்ள காசு வழவழப்பாக இருக்கிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.

அக்டோபர் 12, பிற்பகல்

கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார்: “நகைக்கடையில் எடை போட்டேன், 10.58 கிராம். விளிம்பு மொட்டையாக இருக்கிறது. பின்பக்கப் படம் நாளை அனுப்புகிறேன். அழுக்காக இருந்ததால் அத்தை புளி போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்றார்கள்.”

தடுத்து நிறுத்துங்கள். இப்போதே. தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

அக்டோபர் 13

புளி விழுந்துவிட்டது.

படம் பார்த்தேன். விளக்கேற்றலாம் போல மின்னுகிறது. அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் செம்பையும் பித்தளையையும் புளியால் துலக்கிப் பழகிய கைக்கு, கறுத்த செம்பு ஒரு குற்றமாகத்தான் தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் நாணயத்தின் மேல் இருநூறு ஆண்டுகளாகப் படிந்த அந்தப் பழுப்புத் தோல் அழுக்கு அல்ல. செம்பு காற்றோடு சேர்ந்து தனக்குத்தானே போர்த்திக்கொண்ட தோல் அது. அமிலம் அதை உரித்துவிடும். உரித்த பிறகு வெளியே வரும் ஆரஞ்சு நிறம் அச்சிலிருந்து விழுந்த காசின் இயல்பான சிவப்பு அல்ல. பழகிய கண்ணுக்கு அறை முழுக்க உள்ள காசுகளில் அது ஒன்று மட்டும் தனித்துத் தெரியும்.

இனி யாராவது செப்புக்காசைச் சுத்தம் செய்ய நினைத்தால்: புளி, எலுமிச்சை, வினிகர், பல்பொடி, சாம்பல், பாத்திரப் பொடி எதுவும் வேண்டாம். இங்கே அமெரிக்காவில் செப்புக்காசுக்காரர்கள் எண்ணெய்ப் பிசுக்கையும் மண்ணையும் சைலீன் என்ற கரைப்பானில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அது செம்பைத் தொடாது, அழுக்கை மட்டும் இளக்கும். (ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும், அடுப்பு பக்கத்தில் கூடாது.) பிறகு ஒட்டக முடித் தூரிகையால் லேசாகத் தடவுவார்கள். அவ்வளவுதான். பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் அது வேறு கதை. செம்போடு களிம்பு கூடவே பிறந்தது என்று சைவ சித்தாந்தம் சொல்லும். ஈரமுள்ள ஊரில் அது ஒவ்வொரு மழைக்காலத்திலும் நிரூபணமாகிறது.

எடையைப் பற்றி: 168 கிரெயின், அதாவது 10.89 கிராம் இருக்க வேண்டும். தேய்மானம் போக 10.58 சரியாகவே இருக்கிறது. விளிம்பு மொட்டையாக இருப்பதும் சரி. ஆக, இது அண்மையில் எங்கோ வார்த்த போலி அல்ல என்று தோன்றுகிறது.

அக்டோபர் 13, இரவு

எடை மாறிக்கொண்டே போன கதையை ஒருவர் கேட்டார். 1792 ஏப்ரல் சட்டத்தில் சென்ட்டின் எடை 264 கிரெயின். செம்பு விலை ஏறியது. புழக்கத்துக்கு ஒரு சென்ட்கூட அடிப்பதற்கு முன்பே, 1793 ஜனவரியில் 208 ஆகக் குறைத்தார்கள். 1795 இறுதியில் 168. நான்கு ஆண்டுகளுக்குள் காசு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இளைத்துவிட்டது. கனமான அந்தச் சென்ட்டுகள் பலவற்றின் விளிம்பில் ‘ஒரு டாலருக்கு நூறு’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். எடை குறைந்தபோது விளிம்பு மெலிந்து எழுத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

அக்டோபர் 15

பின்பக்கப் படம் வந்துவிட்டது. வேலை முடிந்து வந்து உட்கார்ந்து பார்க்கிறேன். நன்றாக எடுத்திருக்கிறீர்கள், வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழுவது நல்லது. அவசரப்படுத்தாதீர்கள்.

அதற்கிடையில் “உங்களிடம் சங்கிலி சென்ட் இருக்கிறதா?” என்று கேட்டவருக்கு: இல்லை. இருக்கப்போவதும் இல்லை. 1793 மார்ச்சில் வெளிவந்த முதல் சென்ட் அது. அடித்தது 36,103. முன்புறம் கூந்தல் பறக்கும் பெண், பின்புறம் பதினைந்து வளையங்கள் கொண்ட சங்கிலி. பதினைந்து மாநிலங்களின் ஒற்றுமையைக் காட்டவேண்டும் என்பது எண்ணம். சுதந்திரத்தைக் கொண்டாடும் காசில் சங்கிலியா என்று பத்திரிகையில் கேலி செய்தார்கள். அந்தப் பெண் பயந்து நடுங்குவதுபோல் இருக்கிறாள் என்றும் எழுதினார்கள். கேலி செய்தவர்கள் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு. அவள் முகத்தைப் பார்த்தால் அப்போதுதான் யாரோ கதவைத் தட்டியதுபோல் இருக்கிறது. சில வாரங்களிலேயே சங்கிலியை எடுத்துவிட்டு மலர்வளையம் வைத்தார்கள். முதல் அச்சில் நாட்டின் பெயரைக்கூட முழுதாகப் பொறிக்காமல் ‘அமெரி.’ என்று நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ‘அமெரி.’ வகையில் ஒன்று 2012-இல் 13.8 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2015-இல் இன்னொரு சங்கிலி சென்ட் 23.5 லட்சம் டாலர்.

அதே ஆண்டின் மலர்வளைய வகையில் ‘ஸ்ட்ராபெரி இலை’ என்று ஒன்று உண்டு. உலகத்தில் நான்குதான். நான்கும் நன்றாகத் தேய்ந்தவை. அவற்றுள் சிறந்தது 2009-இல் 8,62,500 டாலருக்குப் போனது. முகம் மழுங்கிய காசு, ஏலத்தில் பெருஞ்செல்வர்கள் கை தூக்குகிறார்கள். இதைப் பார்த்துத்தான் பலர் சேர்க்க வருகிறார்கள், இதைப் பார்த்துத்தான் ஓடியும் போகிறார்கள்.

அக்டோபர் 16

பார்த்துவிட்டேன்.

மலர்வளையத்தின் இலைகளை 188, 189 இரண்டின் படங்களோடும் வைத்துப் பார்த்தேன். இரண்டோடும் ஒட்டவில்லை. 1798 வகைகளில் ஒன்றோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. ‘ஒன் சென்ட்’ என்பதற்கு மேலே உள்ள இலை நுனி, வலப்பக்கக் காய்களின் இடைவெளி, பின்னக்கோட்டின் நீளம், எல்லாம்.

பிறகு நீங்கள் பெரிதாக்கி அனுப்பிய கடைசி 9. மேல் வட்டம் அச்சில் பிறந்தது. ஓரம் உருண்டு, மற்ற எண்களைப்போலவே தேய்ந்திருக்கிறது. கீழ்ப்பாதி அப்படி இல்லை. 8-இன் கீழ் வட்டத்தில் இடப்பக்கத்தை மட்டும் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். சுரண்டிய இடத்தில் தளம் ஒரு மயிரிழை தாழ்ந்து, பக்கத்துத் தளத்தைவிட ஒளி மாறி விழுகிறது. மீதமிருந்த வாலின் நுனியைத் தள்ளி வளைத்திருக்கிறார்கள். அந்த வளைவில் உளி பட்ட இரண்டு நேர்க்கோடுகள். வேலை சுத்தம். செய்தவன் பொற்கொல்லனாகவோ முத்திரை வெட்டுபவனாகவோ இருந்திருப்பான்.

ஆக: உண்மையான 1798 சென்ட், 1799 ஆக்கப்பட்டது. இன்றைய விலை நான்கு பேர் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஆகும் பில் அளவுக்கு இருக்கும். புளிக்கு முன்பும் அதேதான், எனவே அத்தைக்கு விடுதலை.

அக்டோபர் 16, பின்னிரவு

“அப்படியானால் அந்த வியாபாரிக்கு அறுபதாயிரத்துக்கே விற்றிருக்கலாமே!” என்று ஒருவர். நாம் எல்லோரும் வியாபாரி ஏமாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். விற்றிருந்தால் அவர்தான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்போது தெரிந்த பிறகு விற்பது வேறு. எண் மாற்றியது என்று சொல்லாமல் விற்றால் 8-ஐச் சுரண்டியவனுக்கு நாம் பங்காளி.

அக்டோபர் 18

இந்த எண் மாற்றும் தொழில் பழையது என்பதைச் சொல்ல மறந்தேன். 1857 பிப்ரவரிச் சட்டம் பெரிய சென்ட்டையும் அரை சென்ட்டையும் நிறுத்தியது. செம்பு விலை, அடிக்கும் கூலி எல்லாம் சேர்த்தால் அரசுக்குக் கட்டுப்படியாகவில்லை. பறக்கும் கழுகு பொறித்த சின்ன சென்ட் வந்தது. அதுவரை சட்டைப்பையைக் கிழிக்கும் பாரமாக இருந்தது, நின்றுபோகிறது என்றதும் எல்லோருக்கும் சின்ன வயது நினைவாகிவிட்டது. ஆண்டுக்கு ஒன்று என்று வரிசை பிடிக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் நாணயம் சேர்ப்பது ஒரு பொதுப் பைத்தியமானது அப்போதுதான்.

வரிசை பிடித்தால் ஓட்டை விழும். 1799 கிடைக்கவில்லை, 1804 கிடைக்கவில்லை, 1815 கிடைக்கவே கிடைக்காது, ஏனென்றால் அந்த ஆண்டைப் பொறித்து ஒரு சென்ட்டும் அடிக்கவில்லை. பிரிட்டனோடு நடந்த போரில் செப்பு வில்லைகள் வருவது நின்றிருந்தது. ஆனாலும் 1813-ஐ 1815 ஆக்கி விற்றிருக்கிறார்கள். இல்லாத ஆண்டுக்கே போலி!

1804 இன்னும் வேடிக்கை. நாணயச்சாலை கழித்துப்போட்ட துருப்பிடித்த அச்சுகள் வெளியே போய்விட்டன. 1860 வாக்கில் யாரோ 1803 அச்சு ஒன்றில் ஆண்டைத் திருத்தி, 1820-இன் பின்பக்க அச்சோடு சேர்த்து ‘1804’ அடித்தார்கள். இன்று அந்தப் போலிக்கும் தனி விலை, தனி ரசிகர்கள். உண்மையான 1804-க்கு ஒரே ஜோடி அச்சுதான், ஷெல்டன் 266. ஆண்டில் உள்ள பூஜ்யத்துக்கு நேர் பின்னால் மறுபக்கத்தில் ‘ஆஃப்’ என்ற சொல்லின் ‘ஓ’ இருக்கும். அது நேராக இல்லையென்றால் மேற்கொண்டு பேச்சே இல்லை.

இதை எழுதும்போது 16-ஆம் தேதி நான் போட்ட விலைத் தீர்ப்பு எனக்கே கொஞ்சம் மொட்டையாகப் படுகிறது. உங்கள் காசை அந்தப் பைத்தியக் காலத்தில் எவனோ திருத்தியிருந்தால், அதுவே ஒரு சரித்திரப் பொருள். நான் என்றால் வைத்துக்கொள்வேன். விலைக்கு அல்ல, அந்த உளி வேலைக்காக.

அக்டோபர் 21

ஷெல்டன் யார் என்று கேட்டவருக்கு. உளவியலாளர். மனித உடலமைப்பை மூன்று வகையாகப் பிரித்து, உடலைக்கொண்டு குணத்தைச் சொல்லலாம் என்று நம்பியவர். அந்தக் கொள்கை இன்று குப்பைக்கூடையில். காசுகளுக்கு அவர் வைத்த மதிப்பெண் முறை மட்டும் உலகத்தையே ஆள்கிறது.

1949-இல் வெளியிட்ட நூலில் 1 முதல் 70 வரை தர எண் கொடுத்தார். ஏன் 70? அடையாளம் மட்டும் தெரியும் தேய்ந்த 1794 சென்ட் ஒரு டாலர் என்றால், பழுதே இல்லாதது எழுபது டாலர் என்பது அவர் கணக்கு. தர எண்ணை அடிப்படை விலையால் பெருக்கினால் காசின் விலை. சில ஆண்டுகளிலேயே நல்ல காசுகளின் விலை தாண்டிப் பறந்துவிட்டது, சூத்திரம் செத்தது, எண் மட்டும் மிச்சம். இன்று பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து வரும் எந்த நாட்டு நாணயத்திலும் இருக்கும் 65, 66, 70 எல்லாம் அந்தச் செப்புக் கணக்கின் எச்சம்தான்.

அவருடைய இன்னொரு முகம். ஜார்ஜ் கிளாப் என்ற பிட்ஸ்பர்க் தொழிலதிபர் தம் சென்ட் தொகுப்பை 1946-இல் அமெரிக்க நாணயவியல் சங்கத்துக்குக் கொடுத்தார். ஆய்வுக்காக அதைக் கையாண்ட ஷெல்டன், நல்ல காசை எடுத்துக்கொண்டு அதே வகையில் மட்டமானதை அந்த இடத்தில் வைத்துவிட்டார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது. எப்படி? பழைய புகைப்படங்கள். கன்னத்தில் ஒரு கீறல், விளிம்பில் ஒரு நசுங்கல், அவ்வளவு போதும். செம்பு மென்மையானது, பட்ட காயத்தை மறைக்காது. வழக்கு நீதிமன்றம் வரை போனது.

அதனால் எல்லோருக்கும் ஒரு வேலை சொல்கிறேன்: உங்களிடம் உள்ள ஒவ்வொரு காசையும் இருபக்கமும் படம் எடுத்து வையுங்கள். திருட்டுப் போனால் எண்ணைச் சொல்லிப் பயனில்லை, கீறலைச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 22

கீறலைப் பற்றி இன்னொரு பயன். இப்போது அச்சில் அடித்தே தயாரிக்கும் போலிகள் வருகின்றன. எடை சரி, விளிம்பு சரி, சில சமயம் காசுக்குத் தர எண் போட்டு பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தரும் நிறுவனங்களின் கூட்டுக்குள்ளேயே புகுந்துவிடுகின்றன. ஓர் உண்மையான காசிலிருந்து அச்சை நகலெடுக்கிறார்கள், அதில் இருந்த காயமும் சேர்ந்து நகலாகிறது. ஒரே இடத்தில் ஒரே மாதிரி நசுங்கிய இரண்டு காசுகள் வெவ்வேறு விற்பனையில் தென்பட்டால் இரண்டையும் தொடாதீர்கள். செப்புக்காசுக்காரர்கள் இப்படித்தான் அவற்றைப் பிடித்தார்கள்.

அக்டோபர் 26

நேற்று ஒரு நாணயச் சந்தைக்குப் போய் வந்தேன். “ஆரம்பிக்கிறவன் எதை வாங்கலாம்?” என்ற கேள்வி இங்கே மூன்று பேரிடமிருந்து வந்திருப்பதால் சொல்கிறேன்: 1794. ஒரே ஓர் ஆண்டு, தேய்ந்த காசு, ஓட்டை இருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த ஆண்டுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள். பிலடெல்பியாவில் எட்வர்ட் மாரிஸ் என்ற மருத்துவர் 1869-இல் அவற்றுக்குப் பெயர் வைத்தார். ஆப்பிள் கன்னம், இரட்டை மோவாய், விழுந்த நான்கு, வீனஸ் மெரினா, படகோனியன். நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், காசையும் அப்படியே பார்த்திருக்கிறது. ஒரு வகையில் பின்பக்கத்தைச் சுற்றி விளிம்பை ஒட்டிப் பல்வரிசைபோல் இருக்கும் கோடுகளுக்கு இடையில் 94 நுண்ணிய நட்சத்திரங்கள், ஷெல்டன் 48. ஏன் யார் பொறித்தார்கள் என்பதற்குப் பதில் இல்லை. 2008 ஏலத்தில் அதில் ஒன்று 6,32,500 டாலர். அந்த நட்சத்திரத்தைத் தேடித்தான் ஒவ்வொரு சந்தையிலும் தேய்ந்த 1794-களைத் திருப்பிப் பார்க்கிறோம் என்று வெளியே சொல்ல மாட்டோம். எல்லோரும் பார்ப்பது அதைத்தான்.

நேற்று நான் வாங்கியது அப்படி எதுவும் இல்லை. கண் தேய்ந்து போனது. காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு. ஆனால் கூந்தலின் கடைசிச் சுருள் முழுதாக மிஞ்சியிருக்கிறது, பெண் தலைக்குப் பின்னால் உள்ள தொப்பியை நோக்கி விளிம்பிலிருந்து ஒரு விரிசல் மயிர்க்கோடாக ஓடுகிறது. அச்சு உடையத் தொடங்கிய பிறகு அடித்த காசு. விற்பவர் வகை எழுதாமல் வெறும் ‘1794, தேய்ந்தது’ என்று உறையில் எழுதியிருந்தார். அங்கேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கண்டுபிடித்தேன். அரிய வகை இல்லை. வீடு வந்து சேரும்வரை எனக்கு அது பொருட்டாகவும் இல்லை.

அக்டோபர் 27

“உறையா? பிளாஸ்டிக் கூடு வேண்டாமா?” கூட்டைப் பற்றி என் எரிச்சல் தனி. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏலத்தில் கூட்டுக்குள் நல்ல பழுப்பு நிறத்தில், நல்ல எண்ணோடு ஒரு சென்ட் வாங்கினேன். கையில் வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தால் பழுப்புக்குள் ஊதா ஓடுகிறது. யாரோ உரித்துவிட்டு மறுபடி நிறமேற்றிய காசு. ஏல நிறுவனம் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை; கூட்டில் எழுதியிருப்பதுதான் பேச்சு என்றது. இங்கே 1967-இல் தொடங்கிய பழைய செப்புக்காசுச் சங்கத்தார் இந்த எண்களை நம்புவதில்லை. தேய்மானத்துக்கு ஓர் எண் போட்டு, கீறல், அரிப்பு, நிறமாற்றம் எல்லாவற்றுக்கும் கழித்துக்கொண்டு வருவார்கள். கூட்டில் 40 என்று இருப்பது அவர்களிடம் 25 ஆகிவிடும். கஞ்சர்கள் என்று வியாபாரிகள் திட்டுவார்கள்.

நான் வைத்திருப்பது: பருத்தித் துணி உள்ளுறை, மேலே கந்தகம் கலக்காத காகித உறை, சிலிக்கா ஜெல். சென்னையில் இருப்பவர்கள் ஜெல்லை அடிக்கடி மாற்றுங்கள். மெத்தென்று இருக்கும் பிளாஸ்டிக் பையில் மட்டும் போடாதீர்கள், பச்சைப் பசை கக்கும்.

நவம்பர் 2

கொஞ்சம் விலகிப் போகிறேன். நியூ ஜெர்சியில் உள்ள ராவே என்ற ஊர் வழியாக ரயிலில் போய்வருபவன் நான். அமெரிக்க அரசு நாணயச்சாலை தொடங்கும் முன்பே அந்த ஊரில் காசு அடித்தார்கள். 1786 ஜூனில் நியூ ஜெர்சி முப்பது லட்சம் செப்புக்காசுகளுக்கு ஒப்பந்தம் போட்டது. ஒருபுறம் குதிரைத் தலை, அதன் கீழே கலப்பை, ‘நோவா சீசரியா’ என்று நியூ ஜெர்சியின் லத்தீன் பெயர், மறுபுறம் கேடயம். பிற்காலத்தில் அமெரிக்க நாணயங்களிலெல்லாம் வந்த ‘இ புளூரிபஸ் யூனம்’ (பலவற்றிலிருந்து ஒன்று) என்ற லத்தீன் வாசகம் முதலில் ஏறியது இந்தக் காசில்தான். பதினைந்து காசு ஒரு ஷில்லிங். குதிரை ஒவ்வோர் அச்சிலும் வேறு மாதிரி, ஒன்றில் ஒட்டகம் போலவே இருக்கும். அதற்கு ‘ஒட்டகத் தலை’ என்றே பெயர். இதற்கும் வகை பிரித்து நூல் எழுதியது அதே மருத்துவர் மாரிஸ்தான், 1881-இல். அந்த மனிதர் மருத்துவம் எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை.

நவம்பர் 13

நேற்று பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட்டை அடித்துவிட்டார்கள். ஒன்றை அடிக்க ஏறக்குறைய 3.69 சென்ட் செலவாகிறதாம். 1793-இல் அதே ஊரில் தொடங்கியது. அலுவலகத்தில் இளைஞர் ஒருவர் பெட்டி பெட்டியாக இந்த ஆண்டு சென்ட்டை வாங்கி வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நூறு கோடிக்கணக்கில் அடித்ததை எல்லோரும் சேர்த்து வைத்தால் அது எப்படி அரிதாகும்? வாங்கியிருப்பார், முகத்தில் தெரிந்தது.

நவம்பர் 15

நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர்: “அமெரிக்கக் காசுக்கும் நமக்கும் என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் 1808 கும்பினி இருபது காசு இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்லுங்கள்.”

இருக்கிறது ஐயா. 1790-களின் பிற்பகுதியிலிருந்து பிலடெல்பியா தன் சென்ட்டுக்கான வெற்றுச் செப்பு வில்லைகளை பர்மிங்காமில் மாத்யூ போல்டனின் சோஹோ ஆலையிலிருந்து தருவித்தது. மதராஸுக்கான உங்கள் 1808 இருபது காசை அடித்ததும் அதே சோஹோ. இன்னொன்றும் உண்டு. நியூயார்க்கில் இந்திய வாணிபம் செய்த டால்பட், ஆலம் அண்ட் லீ என்ற கடைக்காரர்கள் 1794, 1795-இல் கப்பல் படம் போட்டுச் செப்புச் சில்லறை விட்டார்கள். பிறகு நாணயச்சாலை அதை வாங்கி வெட்டி அரை சென்ட் அடித்தது. சில அரை சென்ட்டுகளில் பழைய கப்பலின் பாய்மரக் கயிறு லிபர்ட்டிப் பெண் தலையின் பின்னால் நிழலாகத் தெரியும். அப்படி ஒன்று கிடைத்தால் எனக்கு எழுதுங்கள்.

உங்கள் 1808-ஐ மட்டும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். அந்த ஆண்டுக் காசுகளில் பெரும் சரக்கு அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பலோடு 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அள்ளி எடுத்து உலகம் முழுக்க விற்றார்கள். தேய்மானம் இல்லாமல் ஆனால் மேற்பரப்பு அரித்திருந்தால் அது மதராஸுக்கு வந்தே சேராத காசு. மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால் நாகையில் யாரோ மீன் வாங்கியது. இரண்டு பக்கமும் படம் அனுப்புங்கள், எடையோடு. புளி வேண்டாம்.